ஹெல்மெட்டுக்குள் மூன்றாவது ஆள்

போன தை மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, செஞ்சியிலிருந்து திண்டிவனம் போகிற ரோட்டில் வல்லத்துக்குக் கொஞ்சம் முன்னால் நடந்தது இது. அன்றைக்கு யாருக்கும் பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. ஆகியிருந்தால் அதற்கு முழுக் காரணம் நான்தான். என் அம்மாவிடம்கூட இதை நான் சொன்னதில்லை.

எனக்கு செஞ்சியில் இ-சேவை மையத்தில் வேலை. கணவர் பம்ப்செட் மோட்டார் ரிப்பேர் கடை வைத்திருக்கிறார். கல்யாணமாகி ஆறு வருஷம். ஞாயிற்றுக்கிழமை வந்தால் பைக்கில் எங்கேயாவது கிளம்பிவிடுவோம். மேல்மலையனூர், திருவண்ணாமலை, மரக்காணம் கடற்கரை, இப்படி. பின்சீட்டிலிருந்து நான் கத்துவேன், ஹெல்மெட்டுக்குள் அவருக்கு ஒன்றும் விழாது, "இன்னா? இன்னா?" என்று கேட்டுக்கொண்டே இருப்பார். கடைசியில் தோளில் ஒரு தட்டு என்றால் டீ, இரண்டு தட்டு என்றால் நிறுத்து என்று பேசி வைத்துக்கொண்டோம். அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

குறை வந்தது அவருடைய நண்பரால். பள்ளிக்கூடத்திலிருந்தே சேர்ந்து சுற்றியவர்கள். நண்பர் தொண்டூர்க்காரர், மருந்துக் கம்பெனியில் ரெப். அதற்கு முந்தின வருஷம் ஒரு லாரி உரசி, பைக்கோடு விழுந்து, காலில் பிளேட் வைத்து நான்கு மாதம் படுக்கையில் கிடந்தார். ஆஸ்பத்திரிக்கு நானே சாப்பாடு கொண்டு போயிருக்கிறேன். கால் சரியாகி மறுபடி வண்டி எடுத்ததும் எங்கள் ஞாயிற்றுக்கிழமையில் அவரும் சேர்ந்துகொண்டார். சரி, வரட்டும் என்றுதான் இருந்தேன்.

அப்புறம்தான் என் வீட்டுக்காரர் அந்த இன்டர்காம் செட்டை வாங்கி வந்தார். ஹெல்மெட்டின் இடது பக்கம் மாட்டுகிற சின்னக் கருவி. உள்ளே காதுக்கு நேராக ஸ்பீக்கர், வாய்க்கு நேராக மைக். ஒரு பைக்கில் போகிறவர் இன்னொரு பைக்கில் வருகிறவரோடு போனில் பேசுவது போலப் பேசிக்கொண்டே போகலாம். பெட்டிக்குள் இரண்டு இருந்தன. ஒன்று எனக்கு என்று நினைத்து, சிரித்த முகமாகக் கையை வேறு நீட்டிவிட்டேன். "ஒண்ணு எனக்கு, இன்னொண்ணு அவனுக்கு" என்றார். நீட்டின கையை என்ன செய்வது என்று தெரியாமல் தலையைச் சொறிந்துகொண்டேன்.

அதற்குப் பிறகு வந்த ஞாயிறுகள் எப்படிப் போயின என்று பின்சீட்டில் உட்கார்ந்தவளுக்குத்தான் தெரியும். என் மூக்குக்கு நேராக அவர் தலை ஆடும், தோள் குலுங்கும். சிரிக்கிறார் என்று புரியும், எதற்கென்று புரியாது. தோளில் தட்டினால் "இரு இரு" என்று கையைக் காட்டுவார். ஒரு தடவை திண்டிவனம் சிக்னலில் வண்டி நின்றபோது அவர் மைக்கில் சொன்னது என் காதிலும் விழுந்தது. "இன்னாத்துக்கு பயம், நான் இருக்கேன்ல."

என்னிடம் ஒரு நாளும் அப்படிச் சொன்னதில்லை. குடல்வால் ஆபரேஷனுக்கு என்னை உள்ளே தள்ளிக்கொண்டு போனபோது, "போன் சார்ஜர எங்க வெச்ச" என்று கேட்ட மனுஷன் அவர்.

வேறொரு பெண் என்றால் வாய்விட்டுச் சண்டையாவது போட்டிருப்பேன். கணவருடைய நண்பர் மேல் பொறாமை என்று யாரிடம் போய்ச் சொல்வது? நண்பர் வீட்டுக்கு வந்தால் அவர் காபியில் மட்டும் சர்க்கரையைக் குறைத்தேன். அவரானால் அதையும் குடித்துவிட்டு "காபி சூப்பர் தங்கச்சி" என்று டம்ளரை வைத்துவிட்டுப் போனார்.

சரி, எனக்கும் ஒரு செட் வாங்கிவிடுவது என்று முடிவெடுத்தேன். ஆபீசில் சாப்பாட்டு நேரம் முழுக்க அதே வேலை. எது காற்றுச் சத்தத்தைக் குறைக்கும், எது மழைக்குத் தாங்கும், எதில் சார்ஜ் நாள் முழுக்க நிற்கும் என்று வீடியோ வீடியோவாகப் பார்த்தேன். முகம் திறந்த ஹெல்மெட்டுக்குக் குச்சி மைக், முழுசாக மூடின ஹெல்மெட்டுக்கு ஒட்டுகிற மைக் என்பது வரைக்கும் படித்துவிட்டேன். ஒரு சனிக்கிழமை திண்டிவனத்தில் ஒரு ஹெல்மெட் கடைக்கே நேரில் போனேன்.

கடைக்காரர் நான் அடுக்கிய கேள்விகளையெல்லாம் கேட்டுவிட்டு, "அதெல்லாம் அப்புறம்மா. யார்கூட பேசணும், எத்தினி பேர் பேசணும், அத்த மொதல்ல சொல்லுங்க" என்றார். கணவரிடம் இருக்கிற செட்டின் படத்தைப் போனில் காட்டினேன். "இது ரெண்டு பேருக்குத்தான். இதே கம்பெனில ஒண்ணு வாங்கி நீங்க சேந்தீங்கன்னா, பழைய ஜோடி கழண்டுக்கும். மூணு பேரும் பேசணும்னா வேற மாடல் இருக்குது, மூணு பேரும் மாத்தணும்" என்றார்.

நான் யோசிக்கவே இல்லை. "ரெண்டு பேருக்கே குடுங்க" என்றேன். கழன்றுகொள்ளும் என்று அவர் சொன்னதுதான் எனக்கு அதில் ரொம்பப் பிடித்த விஷயம்.

அன்று சாயங்காலம் என் கணவர் கடையிலிருந்து வருவதற்குள் எங்கள் இரண்டு ஹெல்மெட்டையும் கட்டில்மேல் வைத்து, புத்தகத்தில் போட்டிருந்தபடி பொத்தானை அழுத்தினேன். சிவப்பும் நீலமும் மாறி மாறி மின்னி, சேர்ந்துவிட்டது என்று ஒரு பெண் குரல் இங்கிலீஷில் சொன்னது. யாரோ எனக்குப் பரிசு கொடுத்த மாதிரி இருந்தது.

மறுநாள் காலை ஆறு மணிக்குக் கிளம்பினோம். பனிக்கு என்று சொல்லி ஹெல்மெட்டுக்கு மேலேயே துப்பட்டாவைச் சுற்றி என் செட்டை மறைத்துக்கொண்டேன். நண்பர் எங்களுக்குப் பின்னால் வந்தார். ஊருக்குள் அவர்கள் பேசிக்கொள்வதில்லை, ஊர் தாண்டினதும்தான் ஆன் செய்வார்கள். அன்றும் ஊர் தாண்டினதும் என் கணவர் பொத்தானை அழுத்தினார். கடகடவென்று கொஞ்சம் காற்று, அப்புறம் என் இரண்டு காதுக்குள்ளும் அவர் குரல். "மச்சான், கேக்குதா?"

நான் வாயை இறுக்கி மூடிக்கொண்டேன். அப்படி என்னதான் பேசிக்கொள்கிறார்கள் என்று கேட்டுவிட்டு, அப்புறமாகப் பேசி அவரைத் திடுக்கிட வைக்கலாம் என்று ஆசை. பதிலுக்குக் காத்திராமல் அவரே மறுபடி பேசினார்.

"கண்ணாடில தெரியுது மச்சான், ஜல்லி டிப்பர் ஒண்ணு வருது. பெரிசுதான். நீ லெஃப்ட்லயே வா. ஹாரன் அடிப்பான், அடிக்கட்டும். என் வண்டிய மட்டும் பாரு."

இதென்ன பேச்சு என்று எனக்குப் புரியவில்லை. சிரிப்பும் இல்லை, கதையும் இல்லை. அவர் மறுபடி சொன்னார். "கைய டைட்டா புடிக்காத. மூச்சு வுடு. மச்சான்? இன்னாடா, பேசு." அந்த டிப்பர் பெரிய ஹாரனோடு எங்களைத் தாண்டிப் போனது. அதன் தூசியில் அவர் இன்னும் இரண்டு தடவை கூப்பிட்டார். குரல் மாறிவிட்டது. நண்பர் காதில் இது எதுவும் விழவில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"நான்தாங்க லைன்ல இருக்கேன்" என்றேன்.

அவர் கண்ணாடியைப் பார்த்தார், பின்னால் ரோடு காலியாக இருந்தது. வண்டியைத் திருப்பினார்.

ஒரு கிலோமீட்டர் பின்னால் போனோம். மணிலாக் கடலை போட்டிருந்த ஒரு நிலத்தின் வரப்போரம் பைக் சாய்ந்து கிடந்தது. பக்கத்தில் நண்பர் உட்கார்ந்திருந்தார். முட்டியில் பேன்ட் கிழிந்து ரத்தம் கசிந்தது. ஹெல்மெட்டைக்கூடக் கழற்றவில்லை. இடது கை விரல் அந்தப் பொத்தானை அழுத்திக்கொண்டே இருந்தது. நாங்கள் எதிரில் போய் நின்ற பிறகும், "கேக்குதா மச்சான், கேக்குதா" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். என் கணவர் உட்கார்ந்து அந்த விரலைப் பிடித்து எடுத்தார்.

கால்தான் சரியாகியிருந்தது. பெரிய வண்டி பக்கத்தில் வந்தால் அவருக்குக் கை விறைத்துப் போகும், கண் இருட்டும். ஊர் ஊராக பைக்கில் போகாவிட்டால் ரெப் வேலை இல்லை. வீட்டில் தெரிந்தால் பைக்கையே விற்றுவிடுவார்கள், யாரிடமும் சொல்லாதே என்று என் கணவரிடம் சத்தியம் வாங்கியிருந்தார். ஞாயிற்றுக்கிழமைகள் அந்தப் பயம் போவதற்கான பயிற்சி. நடுவில் சிரித்ததெல்லாம்கூட அவரைச் சிரிக்க வைக்கத்தான். இவ்வளவும் அந்த வரப்பில் உட்கார்ந்துதான் எனக்குத் தெரிந்தது.

"நைட்டு சார்ஜ் போடாம வுட்டுட்டேன் போலக்குது மச்சான். என் தப்புதான்" என்றார் நண்பர். என் கணவர் என்னைப் பார்த்தார், காட்டிக்கொடுக்கவில்லை. பேசாமல் இருந்திருந்தால் அது சார்ஜ் கோளாறாகவே போயிருக்கும். துப்பட்டாவை அவிழ்த்து என் செட்டைக் காட்டினேன். பொறாமையில்தான் செய்தேன் என்று சொன்னேன்.

நண்பர் அந்தச் செட்டைத் தொட்டுப் பார்த்தார். "ஒரு வார்த்த கேட்டிருந்தா நானே குடுத்திருப்பேனே தங்கச்சி" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்கு எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும்.

அங்கேயே ரோட்டோரம் உட்கார்ந்து, அவர்கள் இருவருடைய செட்டையும் மறுபடி நான்தான் ஜோடி சேர்த்தேன். மூன்றாவது தடவைதான் சேர்ந்தது. திரும்பி வரும்போது என் கணவர் பேசிக்கொண்டே வந்தார், எனக்கு எதுவும் கேட்கவில்லை. அன்று அது சரியாகத்தான் பட்டது.

பொறாமை அதோடு போய்விட்டது என்று சொன்னால் பொய். இப்போதும் அவர்கள் இருவரும் சிரித்தால் என் காது அந்தப் பக்கம்தான் போகும். ஆனால் என் புருஷன் குரல் எனக்கு மட்டும் கேட்க வேண்டும் என்று நான் ஆசைப்பட்டேன், அந்தச் சில நிமிஷங்கள் அது எனக்குக் கிடைத்தது. அது யாருடைய உயிருக்காகப் பேசப்பட்ட பேச்சு என்று தெரியாமல் வாயை மூடிக்கொண்டு ரசித்தேன் என்பதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கூசுகிறது.