மிக்ஸியோடு மோதிய கிடார்

பருத்திப்பட்டு பால்ராஜ் பகலில் பாடியில் ஒரு பழைய தொழிற்சாலையில் டிரில்லிங் மெஷின் ஓட்டுகிறவர். முகூர்த்த நாள் மாலைகளில் மெல்லிசைக் குழுவில் கிடார் வாசிக்கிறவர். இதில் எது பிழைப்பு, எது உயிர் என்று அவரைக் கேட்டால் சிரித்து மழுப்புவார். மனைவி கோமளாவைக் கேட்டால் பட்டென்று சொல்லிவிடுவார்.

அந்த உயிருக்குத்தான் ஆபத்து வந்தது. கல்யாண வரவேற்பில் பாட்டுக்கு நடுவே கிடார் தனியாக வரும் இடம் ஒன்றிரண்டு இருக்கும். டிரம்ஸும் கீபோர்டும் சேர்ந்து முழங்குகிற முழக்கத்தில் பால்ராஜின் பழைய கிடார் அங்கே இருக்கிற இடம் தெரியாமல் போய்க்கொண்டிருந்தது. குழுவை நடத்துகிற உலகநாதன்தான் கீபோர்டு வாசிப்பவரும். கெட்ட மனிதர் இல்லை, ஆனால் முகதாட்சண்யம் பார்க்க மாட்டார். ஒருநாள் கச்சேரி முடிந்து ஒயர் சுருட்டும்போது சொல்லிவிட்டார்.

"தப்பா நெனச்சிக்காத பால்ராஜு. என் கீபோர்டுலயே கிடார் சவுண்டு கீது. அடுத்து வர்ற குமணன்சாவடி ரிசப்ஷன்லயும் உன்து கேக்கலன்னா அந்த பிட்டை நானே வாசிச்சிக்கறேன், நைனா."

அதையும் அவரே வாசித்துக்கொண்டால் பால்ராஜுக்கு மேடையில் என்ன வேலை? மனிதருக்குச் சோறு இறங்கவில்லை. கடைசியில் ஒரு பூஸ்ட் பெடலைத் தானே செய்துவிடுவது என்று இறங்கிவிட்டார். கிடாரிலிருந்து வரும் மெல்லிய ஒலியை ஆம்பிளிஃபயருக்குப் போகும் வழியிலேயே பெருக்கிக் கொடுக்கிற சின்ன டப்பா அது. ஒரு டிரான்சிஸ்டர், சில ரெசிஸ்டர்கள், கெபாசிட்டர்கள், காலால் மிதிக்க ஒரு சுவிட்ச். எல்லாம் அம்பத்தூர் ஓ.டி.யில் ஒரு ரேடியோ சாமான் கடையில் கிடைத்தன. அடாப்டர் வைத்தால் உர்ரென்று இரையுமோ என்று பயந்து ஒன்பது வோல்ட் பேட்டரியே வைத்தார். டப்பா உலோகமாக இருந்தால்தான் வெளி இரைச்சல் உள்ளே வராது என்பதால் கோமளாவின் அலுமினிய டிபன் பாக்ஸ் பறிபோனது. அதற்கு வாங்கிய வசவு தனிக்கதை.

கெபாசிட்டர் விஷயத்தில்தான் ஆசை கண்ணை மறைத்தது. கிடார் ஒலி நுழைகிற வாசலில் உட்கார்ந்திருக்கும் கெபாசிட்டர் பெரிதாக இருந்தால் அடிநாதமெல்லாம் உள்ளே வரும். சிறிதாக இருந்தால் கணீரென்ற மேல் ஒலி மட்டும் வரும். பால்ராஜ் பல அளவுகளில் வாங்கி வந்திருந்தார். அதில் இருப்பதிலேயே பெரிதை வைத்துப் பற்றவைத்தார். கூடத்தில் உட்கார்ந்து வாசித்தால் கும்மென்று வந்தது, ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. பூரித்துப்போய் வாசித்துக்கொண்டே இருந்தார். உள்ளே சட்னி அரைத்துக்கொண்டிருந்த கோமளா மிக்ஸியை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார்.

"இன்னாங்க, நடுவுல வாசிக்காம உட்டுட்டீங்க?"

பால்ராஜ் வாசிப்பதை நிறுத்தவே இல்லை. ஒரு மிக்ஸியே விழுங்கிவிட்டதென்றால் உலகநாதனின் கீபோர்டு விட்டுவைக்குமா? யோசிக்க யோசிக்கத்தான் புரிந்தது. தனியாக வாசிக்கும்போது தடித்த ஒலிதான் ராஜா. கூட்டத்தில் அந்தக் கீழ் இடத்தையெல்லாம் டிரம்ஸும் கீபோர்டின் இடது கையும் முன்பே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். காலியாகக் கிடப்பது மேல் இடம்தான்.

பெரியதைக் கழற்றிச் சின்னதை வைத்தார். தகரத்தைத் தட்டியது மாதிரி ஒலி மெலிந்துபோக, அவருக்கு அழுகையே வந்தது. இருந்தாலும் மிக்ஸியை இன்னொரு தரம் போடச் சொன்னார். சும்மா ஓட்டமாட்டேன் என்று கோமளா பொட்டுக்கடலையைக் கொட்டி ஓட்டினார். ஓட்டிக்கொண்டே கத்தினார்.

"இப்ப கேக்குதுங்க. கொஞ்சம் கீச்சுனு கீது, ஆனா நல்லா கேக்குது."

அதைவிட ஒரு அளவு பெரியதை வைத்ததும் கீச்சும் அடங்கியது. அன்றைக்குத்தான் பால்ராஜ் வயிறாரச் சாப்பிட்டார்.

குமணன்சாவடி மண்டபத்தில் பாட்டு அந்த இடத்துக்கு வந்தபோது உலகநாதன் கிடார் சவுண்டைத் தேர்ந்துவைத்து, கட்டைமேல் விரல்களோடு தயாராக இருந்தார். பால்ராஜ் டப்பாவை மிதித்தார். டிரம்ஸுக்கு மேலே ஏறி, பந்தி நடக்கிற கூடம் வரைக்கும் போயிற்று கிடார். உலகநாதன் ஒரு கணம் அவரைப் பார்த்தார். பிறகு இரண்டு கைகளையும் எடுத்துக்கொண்டு, கர்ச்சீப்பால் நிதானமாக முகத்தைத் துடைக்க ஆரம்பித்தார். அப்பாடா என்று பால்ராஜுக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த பிட்டு முடியும்வரை உலகநாதன் கீபோர்டைத் தொடவே இல்லை.