பதினேழாம் பக்கத்து ஸ்டார்

வாடகை நூலகம் நடத்துகிறவனிடம் ஊரே புத்தகம் கேட்கும். ஆனால் எது நல்ல புத்தகம் என்று மட்டும் அவனிடம் கேட்காது. எண்பதுகளின் கடைசியில் சிட்லபாக்கத்தில், எங்கள் வீட்டு முன்னறையில் நான் அப்படி ஒன்றை நடத்தினேன். "இதைப் படிச்சுப் பாருங்களேன்" என்று ஆசையாக ஒரு புத்தகத்தை நீட்டி, அது அப்படியே திரும்பி வந்ததைப் பார்த்தவர்களுக்கு என் வயிற்றெரிச்சல் புரியும்.

என் செல்லப் புத்தகம்

என்னிடம் ஒரு நாவல் இருந்தது. ரயில்வே கேட் கீப்பர் ஒருவரின் குடும்பக் கதை. கொலை இல்லை, கடத்தல் இல்லை. அவருடைய பெண்ணுக்கு வரன் அமைவதற்குள் முக்கால்வாசிப் புத்தகம் முடிந்துவிடும். எத்தனை முறை படித்தாலும் அந்தப் பெண் புகுந்த வீட்டுக்கு ரயிலேறும் இடத்தில் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு வாசலில் போய் நின்றுவிடுவேன். அதைப் பற்றிப் பேச ஒரே ஒரு ஆள் கிடைத்தால் போதும் என்றிருந்தது.

வருகிறவர்கள் கையிலெல்லாம் அதைத் திணித்துப் பார்த்தேன். பாங்க்கில் வேலை பார்த்த ஒருவர் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு மெதுவாக ஷெல்ஃபிலேயே வைத்தார். "சார், நீங்களே ஒரு புக்கை நல்லா இருக்குன்னு சொன்னா, அது மூவ் ஆகாத புக்குன்னு அர்த்தம்."

டிக், புள்ளி, வட்டம்

படித்த புத்தகத்தையே மறுபடி எடுத்துப் போய்விடாமல் இருக்க வாசகர்கள் பதினேழாம் பக்கத்தில் ரகசியக் குறி போடுவார்கள். ஒருவர் டிக், ஒருவர் புள்ளி, ஒருவர் பக்க எண்ணைச் சுற்றி வட்டம். 'புத்தகத்தில் எழுதாதீர்கள்' என்று ஓர் அட்டை எழுதி மாட்டினேன். ஒரே வாரத்தில் அட்டையின் மூலையிலும் ஒரு டிக் இருந்தது.

சரோஜா மேடத்தின் குறி, பென்சிலில் போட்ட சின்ன ஸ்டார். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை, தினமும் சானடோரியம் ஸ்டேஷனிலிருந்து மின்சார ரயிலில் படித்துக்கொண்டே போவார். பிடிக்காத புத்தகத்தைப் பாதியில் திருப்பிக் கொடுத்துவிடுவார். கடைசிப் பக்கம் வரை படித்ததற்கு மட்டும்தான் ஸ்டார். இது எப்படியோ ஊருக்குத் தெரிந்துபோய், எல்லாரும் பதினேழாம் பக்கத்தைப் புரட்டிவிட்டுத்தான் புத்தகம் எடுத்தார்கள். முதலாளி நான் குத்துக்கல் மாதிரி உட்கார்ந்திருக்கும்போதே கீழ்க்கட்டளையிலிருந்து வந்த ஒரு பெண் கேட்டார்: "நீங்க எதுவும் சொல்ல வேணாம் அண்ணா, அந்த ஸ்டார் மேடம் படிச்சதா ஒண்ணு குடுங்க போதும்."

நகர்ந்தது தேர்

திடீரென்று என் கேட் கீப்பர் புத்தகம் வெளியே போக ஆரம்பித்தது. வந்த வேகத்தில் அடுத்த ஆள் எடுத்துப் போனார். என் பேச்சுச் சாமர்த்தியம் ஒருவழியாகப் பலித்துவிட்டதென்று எனக்குத் தலைகால் புரியவில்லை. மனைவி விஜயாவிடம் ராத்திரிச் சாப்பாட்டின்போது பெருமையடித்தேன். அவள் இன்னொரு கரண்டி ரசம் ஊற்றினாள்.

ஸ்கூட்டர் மெக்கானிக் ஏழுமலை புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தபோது, எப்படி இருந்தது என்று வாயைப் பிடுங்கினேன். "மொதல்ல பேஜாரா இருந்திச்சு சார், ஆனா அந்தப் பொண்ணு ரயிலேறச்சொல்ல மனசு ஒரு மாதிரி ஆயிடிச்சு, இதே மாதிரி வேற ஒண்ணு கீதா?"

சரோஜா மேடம் உட்கார்ந்தார்

அந்தச் சந்தோஷத்தில், ஒரு நாள் ரயிலுக்கு ஓடிக்கொண்டிருந்த சரோஜா மேடத்தின் பையிலும் அதைப் போட்டு அனுப்பினேன். பதினேழாம் பக்கத்தைப் பார்க்க அவருக்கு நேரமில்லை.

மறுநாள் காலை லீவு போட்டுவிட்டு வந்தார். எப்போதும் நின்றபடியே பேசுகிறவர், ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். பதினேழாம் பக்கத்தைப் பிரித்துக் காட்டினார். "இதுல என் ஸ்டார் இருக்கு சார். அப்ப முழுசா முடிச்சிருக்கேன். ஆனா ஒரு வரிகூட ஞாபகம் வரலை" என்றார். அவருடைய அம்மாவுக்கும் சின்னச் சின்ன மறதியில்தான் ஆரம்பித்ததாம். கடைசியில் பெற்ற பெண்ணையே யாரென்று கேட்டாராம். நூற்றுக்கணக்கான டெலிபோன் நம்பர்களை மனப்பாடமாக வைத்திருந்தவர் கண் கலங்கி உட்கார்ந்திருந்தார்.

அடுக்களையிலிருந்து விஜயா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு ஓடி வந்தாள். "மன்னிச்சிடுங்க மேடம், அந்த ஸ்டாரைப் போட்டது நான். யாருமே எடுக்கலைன்னு இவர் முகத்தைத் தொங்கப் போட்டுக்கிட்டே இருந்தார், பாக்க முடியலை."

சரோஜா மேடம் அந்தப் பக்கத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். ஸ்டாரின் ஒரு கால் கோணலாகத்தான் இருந்தது. திட்டப்போகிறார் என்று நினைத்தேன். அவர் புத்தகத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, அழுகையும் சிரிப்புமாகச் சொன்னார்: "அப்பாடா, நான் இதைப் படிக்கவே இல்லையா!"

இரண்டாவது ஸ்டார்

புத்தகத்தை அவர் திருப்பிக் கொடுக்கவில்லை, எடுத்துக்கொண்டு போனார். ஒரு வாரம் கழித்துத்தான் மறுபடி வந்தார். வந்ததும் கைப்பையிலிருந்து பென்சிலை எடுத்து, கோணல் ஸ்டாருக்குப் பக்கத்தில் தன் ஸ்டாரைப் போட்டார். "நேத்து சானடோரியத்துல எறங்க மறந்து தாம்பரம் வரைக்கும் போயிட்டேன் சார்" என்றார். அன்று அந்தப் பெண் ரயிலேறும் இடத்தைப் பற்றி நாங்கள் இருவரும் ஒரு மணி நேரம் பேசினோம். அவ்வளவு சந்தோஷமாக அந்தக் கடையில் நான் இருந்ததே இல்லை.

கிளம்பும்போது அவர், உனக்கு எந்த இடம் பிடித்தது என்று விஜயாவைக் கேட்டார். "நான் எங்க மேடம் படிச்சேன்? அதான் தினம் சாப்பிடறப்ப இவரே சொல்றாரே!"

பிறகு தெருவெங்கும் கேபிள் டிவி வந்தது, நூலகத்தை மூடினேன், மற்ற புத்தகங்களெல்லாம் தாம்பரம் பழைய புத்தகக் கடைக்குப் போயின, இது மட்டும் வீட்டிலேயே தங்கிவிட்டது. ஊரையே படிக்கவைத்த என்னால் விஜயாவை மட்டும் இன்றுவரை அதைப் படிக்கவைக்க முடியவில்லை, ஆனால் அதற்குக் கிடைத்த முதல் ஸ்டார் அவள் போட்டதுதான்.