சாத்திய அறையில் கண்டதைச் சொன்னேன்

நான்தான் சொன்னேன். மதுரா என்னை நம்பித் தன் உடம்பில் காட்டிய ஒன்றை, அவளைப் பெண் கேட்டவர்களிடம் நான்தான் சொன்னேன். அந்தக் கல்யாணம் நின்றது. பழி அவளுடைய சொந்த அக்காமேல் விழுந்தது. நான் வாய் திறக்கவில்லை... இன்றுவரை திறக்கவில்லை.

இதை ஏன் உங்களிடம் சொல்கிறேன்? மதுராவிடம் சொல்ல முடியாததால்தான். வேறு பெரிய காரணம் எதுவும் இல்லை. களைத்துப்போனேன், அவ்வளவுதான்.

நான் இருப்பது கொழும்பில், கொட்டாஞ்சேனையில். தொழில் வெள்ளவத்தையில். காலி வீதியிலிருந்து கடல் பக்கம் இறங்கும் ஒழுங்கையொன்றில் வசந்தி அன்ரியின் சலூன் இருக்கிறது. முன்பக்கம் முடி வெட்டுவதும் மணப்பெண் அலங்காரமும் அவருடையவை. பின்னால் உள்ள ஒற்றை அறை என்னுடையது... என்னுடையது என்றால், வாடகைக்கு. ஒரு கட்டில், முகத்துக்கு ஆவி பிடிக்கும் இயந்திரம், முடி நீக்கும் மெழுகு காய்ச்சும் சட்டி, அடுக்கிய துவாய்கள். ரயில் போனால் பன்னீர்ப் போத்தல் தட்டில் நின்று ஆடும்.

அதற்கு முன் சம்பளத்துக்கு வேறு சலூன்களில் நின்றிருக்கிறேன். அங்கெல்லாம் திரைச்சீலைதான். இந்தப் பக்கம் ஒருத்தி பெருமூச்சு விட்டால் அந்தப் பக்கம் கேட்கும். எனக்கென்று ஓர் அறை, அதற்கு ஒரு கதவு என்று எத்தனை வருடம் ஏங்கியிருப்பேன்! பெண்கள் என்னிடம் வருவது என் கைவேலைக்காக மட்டும் அல்ல, அந்தக் கதவுக்காகவும்தான். அதைச் சாத்தியதும் பிரசவத் தழும்பு, சுடுநீர் பட்ட வடு, மாமியார் பேசிய பேச்சு, எல்லாம் வெளியே வரும். நான் கேட்டுக்கொண்டே வேலையைச் செய்வேன்.

மதுராவும் அப்படி வந்தவள்தான். தெஹிவளையில் பெற்றோருடன் இருந்தாள், வங்கியில் வேலை. முதல் நாள் முதுகுக்கு மெழுகு போடக் குப்புறப் படுத்தவள், சட்டையை உயர்த்தாமல் அதன் நுனியைப் பிடித்துக்கொண்டாள்.

“அக்கா, ஒண்டு சொல்லோணும். பயந்திடாதேங்கோ.”

இடுப்புக்குச் சற்று மேலே, உள்ளங்கை அளவில் ஒரு வெள்ளை. தோல் நிறம் இழந்த இடம், வேறொன்றுமில்லை. வலிக்காது, தொற்றாது. தொழில் படித்த இடத்திலேயே எங்களுக்குச் சொல்லித் தந்திருந்தார்கள்.

“அம்மாவுக்கும் சுபாக்காவுக்கும் மட்டும்தான் தெரியும். அப்பாவுக்கே தெரியாது.”

“நான் யார்கிட்டம்மா போய்ச் சொல்லப் போறேன்?” என்றேன்.

எவ்வளவு இலேசாக வந்தது அந்த வார்த்தை!

இன்னொன்றையும் நீங்கள் அறியவேண்டும். என் அப்பா ஹற்றன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து கொழும்புக்கு வந்தவர். வீட்டில் நாங்கள் பேசுவது வேறு தமிழ். வடக்கிலிருந்து வந்தவர்கள் நிறைந்த வெள்ளவத்தையில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் என் ‘ஆமா’ தானாகவே ‘ஓம்’ ஆகிவிடும். இல்லாவிட்டால் ஒரு பார்வை பார்ப்பார்கள். மதுராவிடம் மட்டும்தான் நான் ஆமா என்பேன். அவளும் என்னைப் போலவே சொல்லிக் காட்டிப் பகிடி பண்ணுவாள். அதில் குத்தல் இருக்காது. ஆறு மாதத்தில் அவள் எனக்குத் தங்கச்சி மாதிரி ஆகிவிட்டாள்.

அப்போதுதான் ஓர் அம்மா வந்தார். வசந்தி அன்ரிக்கு ஒன்றுவிட்ட அக்கா. ரொறன்ரோவிலிருந்து மகனுக்குப் பெண் பார்க்க வந்திருந்தார். ஒரு மத்தியானம் என் கட்டிலில் படுத்திருந்தார். முகத்தில் கிரீம் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

“பிள்ளை, தெஹிவளையில இருந்து மதுரா எண்டொரு பிள்ளை உம்மிட்டைத்தானே வாறவ?”

“ஓம் அன்ரி.”

“எங்கட பெடியனுக்குப் பேசியிருக்கு. பிள்ளை வடிவுதான். மேலில தழும்பு, வெள்ளை, அப்பிடி ஒண்டும் இல்லைத்தானே? நீர் பாத்திருப்பீர். உம்மட பேர் வெளிய வராது.”

என் கைகள் அவர் கன்னத்தில் நின்றுபோயின. அதுவே போதுமான பதிலாக இருந்திருக்கும்... ஆனால் நான் அதோடு விடவில்லை.

“இடுப்புக்கு மேல ஒரு வெள்ளை இருக்கு அன்ரி. சின்னன்தான்.”

சின்னன்தான்! அந்தச் சொல்லைச் சேர்த்து அவளுக்காகப் பரிந்து பேசிவிட்டதாக அன்று மாலை பஸ்ஸில் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எவ்வளவு கேவலமான மனது!

ஏன் சொன்னேன்? நெடுநாள் ஒரு பதிலைத் தயாராக வைத்திருந்தேன். அந்த நாட்களில் வசந்தி அன்ரி, நுகேகொடையிலிருந்து வரும் நகம் அலங்கரிக்கும் பெண்ணொருத்திக்கு என் அறையைக் கொடுக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தார். அறை போனால் நான் மறுபடி திரைச்சீலைக்குப் பின்னால். வசந்தி அன்ரியின் உறவினரைப் பகைத்துக்கொள்ள முடியுமா? அந்தப் பயத்தில்தான் சொன்னேன் என்று எனக்கே கதை விட்டேன்.

பொய். அந்த அம்மா அறையைப் பற்றி ஒரு சொல்லும் பேசவில்லை. மிரட்டவில்லை. கேட்டார், அவ்வளவுதான். ‘எனக்குத் தெரியாது அன்ரி’ என்றிருந்தால் கண்ணை மூடி நித்திரை கொண்டிருப்பார். அந்த ஒழுங்கையில் அதுவரை நான் வெறும் ‘கொட்டாஞ்சேனைப் பிள்ளை’. ஒரு குடும்பத்தின் கல்யாண விசயத்தில் என் வார்த்தைக்காகப் பெரிய மனுசி ஒருவர் காத்திருந்தார்... அது எனக்குப் பிடித்திருந்தது. ச்சீ! பிடித்திருந்தது.

மண்டபம் பதிவு செய்து, கூறைச் சேலைக்கு ரவிக்கை தைக்கக் கொடுத்த பின் கல்யாணம் நின்றது. காரணம் தரகர் வழியாக வந்தது. என் பெயர் வரவில்லை. அந்த அம்மா தன் வாக்கைக் காப்பாற்றினார். நான்தான் என் வாக்கைக் காப்பாற்றவில்லை.

மதுராவின் வீட்டில் ஒருவரும் என்னைச் சந்தேகிக்கவில்லை. அக்கா சுபாவைத்தான் சந்தேகித்தார்கள். ஏனென்றால் ‘மறைக்க வேண்டாம், சொல்லிப்போட்டுச் செய்வம்’ என்று தொடக்கத்திலிருந்தே சண்டை பிடித்தவள் சுபாதான். உள்ளதைச் சொல்லிச் செய்வோம் என்றவள்மேலேயே பழி விழுந்தது! அவள் சாமிப் படத்தின் முன் சத்தியம் செய்தாளாம். தாயார் பிறகு சமாதானமாகிவிட்டார். மதுரா அக்காவின் முகத்தைப் பார்ப்பதை நிறுத்திவிட்டாள்.

மூன்று வருடங்கள். மதுரா மாதந்தவறாமல் என்னிடம் வருகிறாள். அந்த வெள்ளை இப்போது கழுத்திலும் முன்கையிலும் வந்துவிட்டது. அரைக்கைச் சட்டை போட்டுக்கொண்டு பஸ்ஸில் வருகிறாள். பார்க்கிறவர்கள் பார்க்கட்டும் என்கிறாள். மறைக்க இனி ஒன்றும் இல்லை. அப்படியென்றால் நான் யாருடைய மானத்தைக் காத்துக்கொண்டிருக்கிறேன்?

ஒவ்வொரு மாதமும், இந்த முறை சொல்லிவிடவேண்டும் என்றுதான் கதவைச் சாத்துகிறேன். துவாயை விரிக்கிறேன், தண்ணீரைச் சூடாக்குகிறேன்... பிறகு வெயிலைப் பற்றிப் பேசுகிறேன்.

போன கிழமை முகத்துக்குக் கிரீம் தேய்க்க மல்லாந்து படுத்திருந்தாள். நான் கேட்காமலே சொன்னாள்.

“சுபாக்காவுக்குப் பொம்பிளைப் பிள்ளை. அம்மா போனில படம் காட்ட வந்தவ. நான் பாக்கேல்லை.”

“பாத்திருக்கலாமேம்மா...” என்றேன். என் குரல் எனக்கே அருவருப்பாக இருந்தது.

“எப்பிடிப் பாக்கிறது? சொன்னது அவதான். வேற ஆருக்குத் தெரியும், சொல்லுங்கோ? வீட்டுக்கு வெளிய உங்களுக்கு மட்டும்தானே தெரியும்!”

சொல்லிவிட்டுச் சிரித்தாள். நடக்கவே முடியாத ஒன்றைச் சொன்னதுபோல் சிரித்தாள். நானும் சேர்ந்து சிரித்தேன்!

சிரிப்பு அடங்கியதும் என் முகத்தைப் பார்க்கக் கண்ணைத் திறந்தாள். நான் பன்னீரில் நனைத்த பஞ்சு இரண்டை எடுத்து அவள் கண்கள்மேல் வைத்தேன்.

“கண்ணத் தொறக்காதீங்கம்மா. கிரீம் பட்டா எரியும்.”

“ஆமா,” என்றாள், என்னைப் போலவே இழுத்து. பிறகு தடவித் தடவி என் கையைத் தேடிப் பிடித்து ஒருமுறை அழுத்தினாள்.

போகும்போது அடுத்த மாதத்துக்கும் நாள் குறித்துக்கொண்டு போனாள். அவள் பெயரையும் நேரத்தையும் நான்தான் எழுதினேன். அன்றும் சொல்லமாட்டேன் என்று எனக்குத் தெரியும்.