உப்பளத்துக் குருவியும் சவுரியம்மாள் மகளும்

திண்டிவனத்தில் எங்கள் பக்கத்து வீட்டு சவுரியம்மாளுக்கு யார் எதைச் சொன்னாலும் பாதிதான் காதில் ஏறும். மீதியை அவளே சேர்த்துக்கொள்வாள். நடவு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவள், இப்போது குருவி வேலைக்குப் போகிறாள். கலைமதி என்ற ஆராய்ச்சி மாணவி வலை கட்டிச் சிட்டுக்குருவி பிடிப்பாள். அதைத் துணிப்பையில் போட்டு நசுங்காமல் பிடித்துக்கொள்வது சவுரியம்மாள் பொறுப்பு. இறக்கையில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துவிட்டுப் பறக்க விட்டுவிடுவார்கள். பிடிப்பானேன், விடுவானேன் என்று அவள் எங்களிடம் புலம்புவாள்.

நல்ல தண்ணீர் ஊரான அனந்தபுரத்துப் பக்கம் சில நாள், மரக்காணத்து உப்பளத்தில் சில நாள் வலை கட்டினார்கள்.

"உப்பளத்துக் குருவிங்க உப்புத் தண்ணியக் குடிச்சிக்கினு நல்லாத்தான் இருக்குதுங்க. மத்த ஊர்க் குருவிக்கு அது ஒத்துக்கல. ஜீன்ல ஏதாச்சும் மாறியிருக்கான்னு பாக்குறோம்க்கா" என்றாள் கலைமதி.

சவுரியம்மாள் தன் மகள் ஜெசிந்தாவைக் கட்டிக்கொடுத்திருப்பதும் ஓர் உப்பளத்து ஊரில்தான். கிணற்றில் உப்புத் தண்ணீர். முதல் கர்ப்பத்தோடு முகம் வீங்கி, எதுவும் வயிற்றில் தங்காமல் அம்மா வீட்டுக்கு வந்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை சித்தார்த்தன் அழைத்துப்போக வருவதாக போன் செய்திருந்தான். அனுப்புவதா, வேண்டாமா? தெருவே ஒரே வாயாக, "போகப் போகப் பழகிடும், அனுப்பு" என்றது. நானும்தான் சொன்னேன்.

குருவிக்குப் பழகியது மகளுக்குப் பழகாதா? சவுரியம்மாள் மகள் குடிக்கும் குடத்தில் கல் உப்பைப் போட ஆரம்பித்தாள். முதலில் ஒரு சிட்டிகை, பிறகு கொஞ்சம் கூட. போகும் முன்னே பழகட்டுமாம்! ஜெசிந்தா குடித்ததையெல்லாம் வாந்தி எடுத்தாள்.

"ஏம்மா, இங்கயும் தண்ணி இப்டி ஆயிடுச்சா?" என்று கேட்டு அழுதாள்.

மறுநாள் சவுரியம்மாள் வலையடியில் கேட்டாள்.

"ஏம்மா கலைமதி, ஒரு குருவிக்கு உப்புத் தண்ணி பழக எத்தினி நாளு ஆவும்?"

"பழகுறது இல்லக்கா. தாங்காத குருவிங்க குஞ்சு பொரிக்காமயே செத்துடும். தாங்குனதுங்களோட குஞ்சுங்க மட்டும் நிக்கும். அப்டியே எத்தினியோ தலைமுறை."

"அப்ப செத்ததுங்க?"

"அதுங்கதான் இல்லியே. இருக்கறதத்தான நாம புடிக்கிறோம்."

கையிலிருந்த பைக்குள் குருவி படபடத்தது. தன் மகள் நிற்கிற குருவியா, செத்துப்போகிற குருவியா? இதை எந்த ரத்தத்தில் பார்ப்பது? கேட்டேவிட்டாள். "மனுசங்க கதை வேறக்கா" என்றாள் கலைமதி. அதில் குழப்பம் இரண்டு மடங்கானது. வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகக் குடத்தைக் கவிழ்த்தாள். மகளை என்ன செய்வது என்று மட்டும் கடைசிவரை புரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சித்தார்த்தன் வந்தான். உப்பளத்திலேயே பிறந்து வளர்ந்த பையன். சவுரியம்மாள் சொம்பு நிறைய நல்ல தண்ணீர் கொடுத்தாள். அண்ணாந்து ஒரே மூச்சில் குடித்துவிட்டு, "இன்னொரு சொம்பு குடுங்க அத்தை" என்றான். அதுவும் காலியானது.

அவள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உங்களுக்கே இன்னும் பழகலியா மாப்ள?"

"எங்க அத்தை பழகுது? வேற தண்ணி இல்ல, குடிக்கிறோம்" என்று சிரித்தான்.

"அப்ப எம்பொண்ணு வரமாட்டா" என்றாள் சவுரியம்மாள். சொல்லிவிட்டு, மூன்றாவது சொம்பை மொண்டு அவனிடம் நீட்டினாள்.