பூனையின் கழுத்துக்கு ஒரு பூட்டு

பூனையின் கழுத்தில் பூட்டைப் போட்டுச் சாவியை என் அரைஞாண் கயிற்றில் முடிந்துகொண்டால் அதன் உயிர் பத்திரமாக இருக்கும் என்று நான் மனதார நம்பியிருந்தேன். சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் திண்டுக்கல்லில், அதுவும் பூட்டுப் பட்டறைகளுக்கு நடுவே வளர்ந்த பையனுக்கு வேறு என்ன தோன்றும்? எங்கள் தெருவில் எதைக் காப்பாற்றுவதென்றாலும் பூட்டுதான். சைக்கிளுக்குப் பூட்டு, தண்ணீர்க் குழாய்க்குப் பூட்டு, என்னைப் போன்ற பிள்ளைகள் இருந்த வீடுகளில் ஊறுகாய் அலமாரிக்கும் பூட்டு.

அந்த மஞ்சள் வரிப் பூனை தானாக வந்து சேர்ந்தது. அம்மாவின் தையல் மிஷினுக்கு அடியில் கிடந்த அட்டைப் பெட்டியில் குட்டிகளைப் போட்டது. பால் கொடுத்த நேரம் போக மீதி நேரமெல்லாம் சுவர் சுவராகத் தாவி ஊர் மேய்ந்தது. பின்சந்தில் புறா வளர்த்த பெரியவர் ஒருநாள் வாசலுக்கே வந்துவிட்டார்.

"ஏம்மா, என் கூண்டுல குஞ்சு ஒண்ணக் காணோம். மஞ்சப் பூனை ஒண்ணு சுத்துது. ஒங்க வீட்டுதா?"

"எங்க வீட்டுல குட்டி போட்டுருக்குண்ணே. அது அப்பிடிச் செய்யாது."

"எல்லாத் தாயும் இப்பிடித்தான் சொல்லும். வீட்டுப் பூனைன்னா கழுத்துல அடையாளம் எதையாச்சும் கட்டி விடும்மா. வெறுங்கழுத்தோட கண்டேன், சாக்குல போட்டு வத்தலக்குண்டு பஸ்ஸுல ஏத்திருவேன்."

வத்தலக்குண்டு பஸ் நிலையத்தில் சாக்கை அவிழ்த்ததும் எங்கள் பூனை திருதிருவென்று விழிப்பதாகக் கனவு வந்தது. அடையாளம் கட்டலாம், அதை எவனாவது கழற்றிவிட்டால்? என் கவலையைச் சித்தப்பாவிடம் சொன்னேன். பூட்டுப் பட்டறையில் வேலை பார்த்தவர் அவர். உலகத்தின் எந்தக் கேள்விக்கும் அவரிடம் ஒரே பதில்தான் இருந்தது.

"ஏலே அப்பு, கழத்த முடியாத மாதிரிச் செஞ்சுட்டாப் போச்சு."

மறுநாள் வேலை முடிந்து வரும்போது, தோல் ஷாப்பில் வேலை செய்யும் சிநேகிதர் பூட்டு மாட்ட இரு முனையிலும் வளையம் வைத்துத் தைத்துக் கொடுத்த கழுத்து வார் ஒன்றைக் கொண்டுவந்தார். மாட்டுக்கே போடலாம் போல இருந்தது. கூடவே நகைப்பெட்டிக்குச் செய்யும் குட்டிப் பூட்டு. அம்மா அதைப் பார்த்து முகம் சுளித்தாள்.

"கழுத்துல போயி பூட்டா தம்பி? சுவர் தாண்டுற சீவனாச்சே."

"கொம்பன் வந்து இழுத்தாலும் அறாது மதினி."

"அதத்தான் நானும் சொல்றேன்."

சித்தப்பா அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டு பூட்டுக்கு எண்ணெய் விடத் தொடங்கினார். "செத்தக் குடுங்க, அளவு பாக்குறேன்" என்று வாரை வாங்கிக்கொண்டு அம்மா அடுப்படிக்குப் போனாள். பூனை இங்கே இருக்க, அளவு எதற்கு அடுப்படியில் என்று நாங்கள் இருவருமே யோசிக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்துக் கொண்டுவந்து கொடுத்து, "ரெண்டு வெரல் நொழையிற மாதிரிப் போடுங்க" என்றாள். பூட்டு 'டிக்' என்று விழுந்தது. சாவி என் இடுப்புக்கு வந்தது. குளிக்கும்போதும் அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை காலையில் வெளியே போன பூனை மதியம் வரை வரவில்லை. குட்டிகள் கத்தத் தொடங்கின. பஞ்சில் பாலை நனைத்து அம்மா வாயில் வைத்தாள்; துப்பின. கத்திக் கத்திக் குரல் கம்மியது. அந்தக் கம்மல்தான் என்னால் தாங்க முடியாததாக இருந்தது. தெருவில் இறங்கி ஓடினேன். கூரைகளைப் பார்த்துக் கூப்பிட்டேன், சாக்கடைக்குள் குனிந்து பார்த்தேன், நின்றிருந்த ஒரு மாட்டு வண்டியின் அடியிலும் தேடினேன். கால்சட்டை நழுவ நழுவ, ஒரு கையால் அதையும் மறுகையால் சாவியையும் பிடித்துக்கொண்டு ஓடிய என்னைப் பார்த்தவர்கள் வயிற்றுப்போக்கு என்று நினைத்து வழிவிட்டார்கள்.

கடைசியில் புறாக்காரர் வீட்டுக் கதவைத் தட்டினேன்.

"எங்க பூனைய பஸ்ஸுல ஏத்திட்டீங்களா தாத்தா?"

அவர் என்னைப் பார்த்தார். சிரிக்கவில்லை. "வா" என்று கொல்லைப்பக்கம் கூட்டிப்போனார். சுவரை ஒட்டிப் புறாக்கூண்டு. அதன் மேல்மூலையில் நீட்டிக்கொண்டிருந்த கம்பியில் வார் தொங்கியது. பூட்டு வெயிலில் மின்னியது, திறக்காமல். பூட்டு திறக்காமல் கழுத்து எப்படி வெளியே வந்திருக்கும் என்று யோசித்தேன். தரையைப் பார்க்கப் பயந்து கண்ணை மூடிக்கொண்டேன்.

"ஏலே, கண்ணத் தொற. வெளிய போயிருந்தேன், இப்பத்தான் பாத்தேன். மாட்டிக்கிட்டு ரொம்ப நேரம் துடிச்சிருக்கும் போல. கம்பியெல்லாம் மயிரு." வாரை எடுத்து என் கையில் வைத்தார். வளையத்தை ஒட்டிய தையல் விட்டு அது நீளவாக்கில் கிடந்தது. அறுந்த நூலைத் தொட்டபோது விரலில் கரி ஒட்டியது. தோலுக்குப் போட்ட சாயம் என்று கால்சட்டையில் துடைத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்தபோது குட்டிகளின் சத்தம் இல்லை. வாசலிலேயே நின்றுவிட்டேன். அம்மா தையல் மிஷினுக்கு அடியில் குனிந்து உட்கார்ந்திருந்தாள்.

"வந்துருச்சு. சத்தம் போடாத, பால் குடிக்குதுக."

பூனையின் கழுத்தைச் சுற்றி மயிர் உரிந்து சிவப்பாக ஒரு கோடு இருந்தது. சித்தப்பா வந்து பூட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பூட்டு நின்னுருச்சு பாத்தீங்களா மதினி. தையல்தான் சொதப்பிருச்சு" என்றார். தோல் ஷாப்பு சிநேகிதரோடு அவர் அதற்குப் பிறகு சரியாகப் பேசவில்லை. அம்மா பூனையின் கழுத்துக் கோட்டில் தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள்.

வெகுகாலம் கழித்து, என் மகள் கேட்டாள் என்று அவள் பூனைக்கு வார் வாங்க மதுரையில் ஒரு கடைக்குப் போனேன். "வெளிய போற பூனைன்னா இத வாங்குங்க சார், எங்கயாச்சும் மாட்டி இழுத்தா தானாக் கழண்டுக்கும்" என்றார் கடைக்காரர். கழன்றுகொள்வதற்கென்றே ஒரு வாரா என்று சிரித்தேன். சிரிப்பு பாதியில் நின்றது. அன்றிரவே அம்மாவுக்குப் போன் போட்டுக் கேட்டேன்.

சித்தப்பா எண்ணெய் விட்டுக்கொண்டிருந்த அந்தக் கொஞ்ச நேரத்தில், தோல் ஷாப்பில் போட்டிருந்த தடித்த தையலை அம்மா பிளேடால் பிரித்தெடுத்துவிட்டு, என் பள்ளிச் சட்டைக்குப் பொத்தான் தைக்கும் நூலில் சட்டிக்கரியைத் தடவி, வெளியே தெரியாமல் அதே இடத்தில் தைத்துக் கொடுத்திருந்தாள்.