எலி கடித்த கத்தி

மடக்குக் கத்தியில், கைப்பிடி முடிந்து கூர் தொடங்கும் இடத்தில், ஆள்காட்டி விரல் பதிகிற மாதிரி அரைவட்டமாக ஒரு பள்ளம் வேண்டுமா, வேண்டாமா? உலகத்தில் இதைவிட முக்கியமான கேள்விகள் இருக்கின்றன என்று எனக்கும் தெரியும். ஆனால் கொல்லிமலைக்கு மாற்றலாகி வந்த இரண்டு வருடத்தில் நான் அதிகம் பேசியது இதைப் பற்றித்தான். பேசியது என்று மரியாதைக்குச் சொல்கிறேன். சண்டை போட்டது.

நான் தோட்டக்கலை ஆபீசில் வேலை பார்க்கிறவன். மனைவியும் ஆறு வயது மகளும் கும்பகோணத்தில் இருந்தார்கள். நான் மலைமேல் பெரக்கரை நாடு என்ற ஊர்ப்பகுதியில், ஒரு மிளகு விவசாயியின் வீட்டை ஒட்டிய அறையில் வாடகைக்கு இருந்தேன். மிளகுக் கொடியில் நாற்றுக்குத் துண்டு எடுக்க நல்ல கத்தி வேண்டும் என்று ஆன்லைனில் ஒன்று வாங்கினேன். அது மலைமேல் ஏற மறுத்து அடிவாரத்துச் சேந்தமங்கலத்திலேயே உட்கார்ந்துகொண்டதால், மலைப்பாதையின் எழுபது வளைவும் பஸ்ஸில் இறங்கிப் போய், எழுபதும் திரும்ப ஏறி, வழியில் இரண்டு தடவை வாந்தி எடுத்து, அதைக் கொண்டுவந்து சேர்த்தேன். அவ்வளவு பாடுபட்டு வாங்கிய பொருளை யாராவது குறை சொன்னால் கோபம் வருமா வராதா?

வீட்டுக்காரர் கத்தியை வாங்கி விரித்தார். வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“ஏனுங்க சார், புதுக் கத்தின்னீங்க. எலி கடிச்சிருக்குதுங்களே?”

“எலி கடிக்கலைண்ணா. அது விரல் வைக்கிற பள்ளம்.”

“விரல் வெக்கத்தானுங்க கைப்புடி குடுத்திருக்கான்?”

சின்னக் கத்தி என்பதால் கைப்பிடிக்குள் நாலு விரலும் அடங்காது, பள்ளத்தில் ஆள்காட்டி விரலை வைத்தால் கை கூருக்குப் பக்கத்தில் வரும், நுணுக்கமான வெட்டு கோணாமல் விழும் என்று விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு, “அப்பக் கைப்புடிய ஒரு விரக்கடை நீளமா வெச்சிருந்தா முடிஞ்சுது. வெட்டற எடத்தையில்லீங்க தின்னு போட்டிருக்கறான்” என்றார். அன்றிலிருந்து என் கத்திக்குப் பெயர் எலி கடித்த கத்தி. அவர் மனைவிகூட வாழைக்காய் நறுக்கும்போது, “அந்த எலி கடிச்சதக் கொஞ்சம் குடுங்க சார்” என்று கேட்க ஆரம்பித்தார்.

அவருடைய கத்தி சந்தையில் வாங்கிய சாதாரண மடக்குக் கத்தி. கட்டைக் கைப்பிடி. பூட்டு கிடையாது, பள்ளம் கிடையாது. அதை வைத்துக்கொண்டு அவர் கொடி வெட்டுவார், சாக்குத் தைப்பார், பல்கூடக் குத்துவார். ஆனால் அவருடைய ஆள்காட்டி விரலில், சரியாக நடு மடிப்பில், குறுக்கே ஒரு தழும்பு இருந்தது. பூட்டில்லாத கத்தி திடீரென்று மடங்கினால் கூர் எங்கே வந்து விழுமோ, அங்கே. பள்ளம் இருந்திருந்தால் கூரில்லாத அந்தப் பள்ளம்தான் விரலில் முட்டியிருக்கும். இதை நான் சுட்டிக் காட்டும்போதெல்லாம், “அது எலந்த முள்ளு கிழிச்சதுங்க” என்பார். முள் இவ்வளவு நேராகக் கோடு கிழித்ததை நான் எங்கும் பார்த்ததில்லை.

அவருக்கும் ஒரு நாள் வந்தது. மரவள்ளி மூட்டையின் வாய்க்கயிற்றை நான் என் கத்தியால் அறுக்கப் போனேன். கயிறு வழுக்கிக்கொண்டு நேரே பள்ளத்துக்குள் போய் மாட்டியது. இழுத்தேன். கயிறு அறுபடவில்லை, மூட்டை கவிழ்ந்தது. கிழங்கெல்லாம் சரிவில் உருண்டு ஓடியது. கயிறு சரியில்லை என்று நான் சொன்னதும், “ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்” என்று சிரித்துவிட்டு அவரே இறங்கிப் போய்ப் பொறுக்கினார்.

இந்த நிலையில்தான் மாவட்ட அதிகாரி தோட்டம் பார்க்க மலைக்கு வருவதாகத் தகவல் வந்தது. கும்பகோணத்துக்கு மாற்றல் கேட்டு நான் ஒரு மனு எழுதி வைத்திருந்தேன். ஆபீஸ் கிளார்க் போனில் தெளிவாகச் சொல்லியிருந்தார்: “அவர் வர்ற அன்னிக்கே கையில குடுத்துடுங்க. சாயங்காலம் அஞ்சு மணியோட பட்டியல் முடியுது. விட்டா அடுத்த வருஷம்தான்.” மனைவி மூன்று தடவை போனில் ஞாபகப்படுத்தினாள். மகள் பள்ளிக்கூடத்தில், அப்பா வரப் போகிறார் என்று டீச்சரிடம்கூடச் சொல்லிவிட்டாளாம். அதிகாரி வரும் நாள் காலையில் வீட்டுக்காரரும், “மனுவ எடுத்து வெச்சுக்கிட்டீங்களா சாமி?” என்று கேட்டார். சட்டைப் பையைத் தட்டிக் காட்டினேன்.

அதிகாரி வந்தார், மிளகைப் பார்த்தார், நல்லா இருக்கு என்றார். வந்தவருக்குப் பலாப்பழம் கொடுக்காமல் அனுப்புவதா? வீட்டுக்காரர் கொடுவாளால் பழத்தை இரண்டாகப் பிளந்து வைத்தார். நடுத்தண்டை அறுத்துச் சுளை எடுப்பதை நான் செய்கிறேன் என்று முன்னால் போனேன். என் கத்தியை இவ்வளவு பெரிய சபையில் காட்ட வேறு எப்போது வாய்க்கும்?

“எண்ணெ தொட்டுக்கங்க சார்” என்று கிண்ணத்தை நீட்டினார் வீட்டுக்காரர். மலையில் சின்னக் குழந்தைகூடக் கையிலும் கத்தியிலும் எண்ணெய் தடவாமல் பலாவைத் தொடாது.

“வேண்டாம்ணா. எண்ணெய் வழுக்கும். பள்ளத்தில் விரல் இருந்தால் பிடி நகராது.”

நகரவில்லைதான். நாலாவது சுளைக்குப் பள்ளம் முழுக்கப் பலாப் பால் நிரம்பி, விரல் கத்தியோடு ஒட்டிக்கொண்டது. இடது கையால் பிரிக்கப் போனேன், அதுவும் ஒட்டியது. அதிகாரி முன்னால் இரண்டு கையாலும் கத்தியைக் கும்பிட்டபடி நின்றேன்.

“எலி கடிச்ச எடத்துல பாலு நின்னுக்கிச்சுங்க” என்று வீட்டுக்காரர் அதிகாரியிடம் விளக்கினார்.

“எலியா?” என்றார் அதிகாரி.

அவ்வளவுதான், நான் பிடித்துக்கொண்டேன். கைப்பிடியின் அளவு, கூரின் நீளம், பூட்டில்லாத கத்தியின் ஆபத்து, ஒன்றையும் விடவில்லை. பேசப் பேச ஒட்டிய கைகளையும் ஆட்டினேன். அதிகாரியின் டிரைவர் இரண்டடி தள்ளி நின்றார். கடைசியில், “சார், அண்ணன் விரலைக் காட்டச் சொல்லுங்க” என்றேன்.

அதிகாரி தழும்பைப் பார்த்தார். “என்ன இது?” என்று கேட்டார். எனக்கு இரண்டு வருடமாகச் சொல்லாததை அவருக்குச் சொல்லித்தான் ஆகவேண்டும்.

“கத்தி மடங்கிருச்சுங்கய்யா” என்றார் வீட்டுக்காரர், தரையைப் பார்த்து.

“மடக்குக் கத்தின்னா அந்தப் பள்ளம் இருக்கறது நல்லதுதான்” என்றார் அதிகாரி. “பலாப்பழம்னா எண்ணெயும் நல்லது.” பின்பாதி என் காதில் விழவே இல்லை.

வீட்டுக்காரர் எண்ணெய் ஊற்றித் தேய்த்து என் விரல்களை ஒவ்வொன்றாக விடுவித்தார். அதற்குள் அதிகாரி ஜீப்பில் ஏறிவிட்டார். நான் ஓடிப்போய் நின்றேன். கண்ணாடியை இறக்கி, “வேற ஏதாவது சொல்லணுமா?” என்று கேட்டார். நல்ல மனிதர்.

“ஆமாம் சார்,” என்றேன். “பூட்டு இருக்கிற கத்திக்குக்கூட அந்தப் பள்ளம் இருக்கலாம் சார். தப்பில்லை.”

அவர் சிரித்தார். ஜீப் போனது. நானும் வீட்டுக்காரரும் வீடு வரைக்கும் அதையே பேசிக்கொண்டு நடந்தோம். பள்ளத்தின் ஓரத்தைக் கொஞ்சம் தேய்த்துவிட்டால் கயிறு மாட்டாது என்று அவரே சொன்னபோது, மலைக்கு வந்ததிலிருந்து இவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததில்லை.

ஐந்தரை மணிக்கு மனைவி போன் செய்தாள்.

“குடுத்துட்டீங்களா?”

“எதை?” என்று கேட்டுவிட்டேன்.

கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது. மனு இருந்தது. நடந்ததை முதலிலிருந்து சொன்னேன், சிரிப்பு வருகிற மாதிரிதான் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. எனக்கு என்னையே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. ஸ்பீக்கரில் போட்டிருக்கிறாள் என்பது மகளின் குரல் வந்தபோதுதான் தெரிந்தது.

“அப்பா, அந்த மாமாவை நீங்க ஜெயிச்சிட்டீங்களா?”

“ஜெயிச்சிட்டேன்மா.”

“ஐ! அப்ப இங்க வந்துடுவீங்களா?”

மலையில் சிக்னல் அடிக்கடி போகும் என்பது அவளுக்குத் தெரியும். இரண்டு தடவை “ஹலோ, ஹலோ” என்று சொல்லிவிட்டுப் போனைக் கட் பண்ணினேன். சிக்னல் அன்றைக்கு நன்றாகவே இருந்தது.