வெந்நீர் அக்காவிடம் கேட்ட கேள்விகள்

எங்கள் சலவைக் கூடத்தில் டீ வேளை பத்தே நிமிடம். மணி அடித்ததும் பந்திக்கு முந்துகிற மாதிரி நாற்பது பேரும் ஓடுவோம். ஒருத்தி மட்டும் கடைசியாக நிதானமாய் வந்து, "எனக்கு வெறும் வெந்நீர் போதும்" என்பாள். அவள் சேர்ந்த முதல் வாரமே வெந்நீர் அக்கா என்று பேர் வைத்துவிட்டேன். பேர் வைக்கிற வேலையை எனக்கு யாரும் கொடுக்கவில்லை, நானே எடுத்துக்கொண்டது.

நாங்கள் துவைப்பது ஒரு பெரிய மருத்துவமனையின் துணிகளை. அக்காவும் நானும் உருளையில் நிற்போம். அது நீளமான, கொதிக்கிற இரும்பு உருளை. ஈர விரிப்பை இந்தப் பக்கம் கொடுத்தால் அந்தப் பக்கம் காய்ந்து, இஸ்திரி போட்டதுபோல் வரும். விரிப்பின் ஒரு முனை அவள் கையில், மறு முனை என் கையில். பதினொரு வருடம் அப்படி எதிரும் புதிருமாக நின்றால் ஒருத்தியைப் பற்றித் தெரியாதது என்ன இருக்கும்?

"ஏன்க்கா, டீ குடிச்சா நரகமா?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"நரகமெல்லாம் இல்லடி. குடிக்க மாட்டேன்னு கடவுளுக்கு வாக்கு குடுத்திருக்கேன். அவ்வளவுதான்."

"வாக்கு குடுக்க உனக்கு டீதானா கிடைச்சுது?"

"இந்தச் சின்னதையே காப்பாத்த முடியலன்னா பெரிசை எங்கேருந்து காப்பாத்துறது?"

அக்கா மார்மன். சபையின் முழுப் பேர் பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை. ஒரே மூச்சில் சொல்ல எனக்கு ஒரு மாதம் ஆனது. நானோ எந்தச் சாமியின் வாசலையும் மிதிக்காதவள். அவள் கதையை அவளே சொன்னாள். முதல் குழந்தை பெண். நாற்பது நாள்தான் இருந்தது. அந்தத் துக்கத்தில் அக்காவும் அவள் கணவரும் ஒரே வீட்டில் இருந்துகொண்டு பேச்சில்லாமல் கிடந்த நாளில், சட்டையில் பேர் அட்டை குத்திய அந்தச் சபையின் இளம் ஊழியர்கள் இருவர் கதவைத் தட்டினார்களாம். குடும்பம் சாவோடு முடிவதில்லை, அந்தக் குழந்தை இன்னும் உங்கள் குழந்தைதான் என்றார்களாம். "அன்னைக்குத்தான்டி அவர் வாய் விட்டு அழுதார்" என்றாள். அதற்கு மேல் நான் கிண்டல் செய்யவில்லை. அன்றைக்கு மட்டும்.

ஒரு தடவை அவள் சபையைப் பார்க்கப் போனேன். டயர் கடைக்கு மேலே ஒரு வாடகை ஹால். கூட்டத்தை நடத்தியது யாரென்று பார்த்தால் அக்காவின் கணவர்! வாரம் முழுக்க ஃப்ரிட்ஜ் ரிப்பேர் செய்கிற மனுஷர், அங்கே சபைக் கிளையின் தலைவர்.

"சம்பளம் எவ்வளவு?" என்று அக்காவின் காதைக் கடித்தேன்.

"சம்பளமா? கூட்டம் முடிஞ்சா நாற்காலி அடுக்குறதும் அவர்தான்."

அது மாதத்தின் முதல் ஞாயிறு. அன்றைக்கு இரண்டு வேளை பட்டினி இருப்பார்கள். காகிதம் இல்லாமல் யார் வேண்டுமானாலும் எழுந்து தான் நம்புவதைச் சொல்லலாம். எங்கள் வெந்நீர் அக்கா, கூடத்தில் வாயில்லாப் பூச்சி, எழுந்து ஐந்து நிமிடம் பேசினாள். முதல் வருடம் நான்கே வார்த்தை சொல்லி உட்கார்ந்துவிட்டாளாம். பேசி முடிக்கும்போது "இயேசு கிறிஸ்துவின் நாமத்தில், ஆமென்" என்றாள். ஹால் முழுக்க "ஆமென்" என்றது. அங்கே யார் பேசினாலும் அப்படித்தான் முடிக்கிறார்கள், கடிதத்துக்கு ஸ்டாம்ப் ஒட்டுகிற மாதிரி. நான் மட்டும் வாயை இறுக்கி மூடிக்கொண்டேன்.

இனி என் கைக்கு வருகிறேன். உருளைக்கு முன்னால் ஒரு தடுப்புக் கம்பி உண்டு. கை தவறி உள்ளே போனால் கம்பி இடிபட்டு உருளை நின்றுவிடும். ஆனால் விரிப்பு லேசாய்ப் பட்டாலும் நிற்கும். வேலை தாமதமாகிறது என்று மேற்பார்வையாளர் அதை மேலே தூக்கி ஒயரால் கட்டிவைத்துவிட்டார். பெரிய மூளை! போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அக்கா இல்லாத நாளில், ஈர விரிப்போடு சேர்ந்து என் வலது கையும் உள்ளே போனது.

கட்டுப் போட்டுக் கட்டிலில் கிடந்தேன். சபைக்கு உடுத்திய உடையோடு அக்கா ஓடி வந்தாள். முதல் ஞாயிறு, பச்சைத் தண்ணீர்கூடக் குடித்திருக்கவில்லை.

"ஞாயித்துக்கிழமை நீ எந்த வேலைக்கும் வரமாட்டியேக்கா?"

"ஓய்வு நாள்லயும் குழியில விழுந்த ஆட்டைத் தூக்கறதுக்குத் தடை இல்லன்னு கர்த்தரே சொல்லியிருக்கார்."

"அப்போ நான் ஆடா?"

"உன் வாய் மட்டும் பட்டினி கிடக்குதா பாரு" என்று சிரித்துவிட்டு, உடனே அழுதாள். நானும் அழுதேன்.

இரண்டு விரல் இன்னும் மடங்காது. நான் வேலைக்குத் திரும்பியபோது கம்பி அதே ஒயரில் தொங்கிக்கொண்டிருந்தது. தொழிலாளர் பிரதிநிதி நினைத்தால் உருளையை நிறுத்தலாம் என்று விதி உண்டு. இருந்த பிரதிநிதி ஓய்வு பெற, அந்த இடத்துக்கான தேர்தலில் துணி வண்டி தள்ளும் மீசைக்காரர் நின்றார். நல்ல மனிதர்தான், ஆனால் மேலாளர் இருமினால் இவர் தும்முவார். கம்பியை அவிழ்க்க வேண்டாம் என்பது அவர் கட்சி. எதிர்த்து நிற்க ஆளில்லை. அக்கா நின்றாள்.

"நீயா? உனக்கு எதுக்குக்கா வம்பு?"

"தினமும் உன் கையை எதிர்ல பார்க்கறவ நான்."

ஊர் வாயை மூட உலைமூடி ஏது? ஒரே வாரத்தில் அக்காவைப் பற்றி இல்லாததும் பொல்லாததும் கிளம்பியது. கிறிஸ்தவளே இல்லையாம். வீட்டில் எத்தனை சக்களத்தியோ என்றார்கள். உள்ளே மந்திர ஆடை போட்டிருக்கிறாள் என்றார்கள். ஜெயித்தால் எல்லோரையும் மதம் மாற்றிவிடுவாள் என்று ஒரு பேச்சு. எனக்கு ரத்தம் கொதித்தது. அதில் பாதிக் கிண்டலை ஆரம்பித்து வைத்தவளே நான்தான் என்பது அதைவிடச் சுட்டது.

திங்கட்கிழமை மதியம் ஓட்டெடுப்புக் கூட்டம். துணி மூட்டைகள் மேல் நாற்பத்தொரு பேர். கம்பியைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

தையல் பிரிவில் இருக்கிற அம்மா வேறொரு கிறிஸ்தவ சபைக்குப் போகிறவர். அவர்தான் ஆரம்பித்தார். "நீங்க கிறிஸ்தவங்களே இல்லன்னு எங்க போதகர் சொல்றாரே?"

"நான் தினமும் யார் பேரால ஜெபம் பண்றேனோ அவருக்குத் தெரியும்க்கா. உங்களுக்கும் எங்களுக்கும் வித்தியாசம் நிறைய இருக்கு, இல்லன்னு சொல்லல. ஆனா நான் நம்பியிருக்கறது அவரை மட்டும்தான்."

"உங்காளுங்க நாலு பொண்டாட்டி கட்டுவாங்களாமே?" என்றது ஒரு குரல்.

"ஆரம்ப காலத்துல பல பேர் கட்டினாங்க. அது நிஜம். நிறுத்தி நூறு வருஷத்துக்கு மேல ஆச்சு. இப்போ யாராவது கட்டினா சபையை விட்டு நீக்கிடுவாங்க. என் வீட்டுக்காரர் வாரத்துல ஒரு நாள் பாத்திரம் கழுவணும்னா ஓடி ஒளியறார். நாலு பேருக்கு எங்கே கழுவுவார்?"

கூட்டம் சிரித்தது. அக்கா சிரிப்பு அடங்கட்டும் என்று நின்றாள். அந்தப் பொறுமையை டயர் கடை மாடியில்தான் கற்றிருக்க வேண்டும்.

"உங்க மார்மன் புஸ்தகம் தங்கத் தகட்டுல எழுதினதாமே. நீங்க தகட்டைப் பார்த்தீங்களா?"

"இல்ல. புஸ்தகத்தைத்தான் படிச்சேன். இது உண்மையான்னு முழங்கால்ல நின்னு கேட்டேன். எனக்குப் பதில் கிடைச்சுது. அதை எடுத்து உங்க கையில வைக்க என்னால முடியாது. நீங்க நம்பணும்னு நான் கேக்கவும் இல்ல."

"அந்த உள்ளாடை?"

"நாள் முழுக்க ஊரார் துணியை அலசறோம், என் துணியை மட்டும் விட்டுடுவீங்களா? மந்திரமெல்லாம் இல்லண்ணே. குடுத்த வாக்கு ஞாபகம் இருக்கறதுக்காக. சில பேர் வெளியில அங்கி போடறாங்க, நாங்க உள்ளே போடறோம்."

கிடங்கில் வேலை செய்பவர் போனைப் பார்த்துப் படித்தார். "கறுப்பினத்து ஆம்பளைங்களுக்குப் பல வருஷம் உங்க சபையில குருத்துவப் பொறுப்பு குடுக்கலன்னு போட்டிருக்கு. இதுக்கு என்ன சொல்றீங்க?"

அக்கா அவரை நேராகப் பார்த்தாள். 

"ஆமா. நடந்தது. பிறகு மாத்தினாங்க. ஏன் அவ்வளவு வருஷம் ஆச்சுன்னு நானும் கேட்டிருக்கேன். என் மனசு ஆறற மாதிரி பதில் இன்னும் கிடைக்கல. அது சரின்னு சொல்ல எனக்கு வாய் வராது."

வழக்கமாக மாட்டிக்கொண்டால் மழுப்புகிறவர்களைத்தான் நாங்கள் பார்த்திருக்கிறோம்.

மீசைக்காரர் கடைசி அஸ்திரத்தை எடுத்தார். "அதெல்லாம் இருக்கட்டும்மா. ஞாயித்துக்கிழமை ஒரு அவசரம்னா நீங்க வரமாட்டீங்களே?"

எனக்குப் பொறுக்கவில்லை. எழுந்து என் வலது கையைத் தூக்கிக் காட்டினேன். "இது ஞாயித்துக்கிழமை வெந்த கை! கட்டில் பக்கத்துல பட்டினியா உட்கார்ந்திருந்தது யாரு? அண்ணே, நீங்களா? ஒவ்வொரு விசேஷத்துக்கும் லீவு வேணும்னு யார்கிட்ட போய் நின்னீங்க எல்லாரும்? பதினோரு வருஷமா உங்க ஷிஃப்டைப் பார்த்தது யாரு?"

மீசைக்காரர் மீசையைத் தடவிக்கொண்டு உட்கார்ந்தார். போன மாதம் அவர் மகள் கல்யாணத்துக்கும் அக்காதான் வண்டி தள்ளினாள்.

அக்கா ஒரே ஒரு விஷயம் சொன்னாள். "நான் எதை நம்பறேங்கறது எனக்கு உயிர். ஆனா அதுக்காக ஓட்டு கேக்கல. அந்தக் கம்பியை அவிழ்க்கணும். இன்னொரு கை உள்ளே போகக் கூடாது. இதை நான் மனசாரச் சொல்றேன், இயேசு கிறிஸ்துவின் நாமத்தில், ஆமென்."

சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது. வாயைப் பொத்திக்கொண்டாள். பன்னிரண்டு வருடப் பழக்கம், எழுந்து நின்று பேசினால் நாக்கு தானாக அங்கேதான் போய் நிற்கும். மதம் மாற்றுவாள் என்று பயந்த கூட்டத்துக்கு முன்னால்! முகம் செத்துவிட்டது அவளுக்கு. டயர் கடை மாடியாக இருந்தால் இந்நேரம் பதில் ஆமென் வந்திருக்கும்.

"ஆமென்!" என்று கத்தினேன்.

எந்தச் சாமியின் வாசலையும் மிதிக்காத நான். எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். தையல்காரம்மா "ஆமென்" என்றார், அழுத்தமாக. மூட்டை மேலிருந்து ஒருவர் அவர் சாமி பேரைச் சொல்லி "அப்படியே ஆகட்டும்" என்றார். அப்புறம் ஆளுக்கொரு விதமாய்ச் சொல்லிச் சிரித்து, கூரை பெயர்கிற அளவுக்குச் சத்தம். அந்தச் சத்தத்திலேயே அக்காவுக்கு ஓட்டுப் போடக் கைகள் மேலே போயின. முப்பத்து நான்கு. அதில் ஒன்று மீசைக்காரருடையது.

மறுநாள் காலை முதல் விரிப்பு ஏறுவதற்கு முன் அக்கா உருளையை நிறுத்தச் சொன்னாள். மேற்பார்வையாளர் முணுமுணுத்தபடி ஒயரை அறுத்தார். கம்பி கீழே இறங்கி அதன் இடத்தில் உட்கார்ந்தது. உருளை மறுபடி சுற்ற ஆரம்பித்தது.

"நீ வந்து சரிபாரு" என்று அக்கா என்னைக் கூப்பிட்டாள்.

மடங்காத இரண்டு விரல்களால் கம்பியைத் தொட்டேன். உருளை நின்றது.